சட்டைப் போர்வைக்கு ஒரு கோடு

குருநகர்,
12.10.2024

அன்பின் அக்காவுக்கு,

நானும் இவரும் சுகம். உங்கள் சுகத்தையும் அத்தானின் சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு ஆவல் இல்லை, கோபம்தான். ஓகஸ்டிலிருந்து நீங்கள் போன் எடுப்பதில்லை. நான் எடுத்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. "கதைக்க நேரமில்லை, இனிக் கடிதம் எழுதுவோம்" என்று ஒரு துண்டில் எழுதி, போர்வைக்குள் வைத்து, பாரிசுக்கும் ஊருக்குமாகப் பொதி கொண்டு திரிகிற பிலிப்பு அண்ணையிடம் கொடுத்துவிட்டிருக்கிறீர்கள். பிரான்சில் இருக்கிற ஆளுக்குக் கதைக்க நேரமில்லை, கடிதம் எழுத நேரமிருக்கிறதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி, அக்கா சொன்னால் சொன்னதுதான்.

நீங்கள் கையால் துண்டு பொருத்தி அனுப்பிய போர்வை முகம் இரண்டும் வந்தன. முகத்தை மேலே போட்டு, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் ஒரு துணி வைத்து, மூன்றையும் பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டி, மிசினை மேலே ஓட்டிக் கோடு போடுவது என் வேலை. அது லேசு. எந்தக் கோடு என்று தெரிவு செய்கிறதில்தான் தலை வெடிக்கிறது. முக்கோணத் துண்டு வைத்தது யாரோ குழந்தைக்கு என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஐதாகச் சுருள் போட்டேன். நெருக்கித் தைத்தால் பாய் மாதிரி விறைத்துப் பிள்ளைக்கு உறுத்தும். சேலைத் துண்டுப் போர்வைக்கு வெறும் நேர்கோடுதான். துணியிலேயே அவ்வளவு பூவும் மயிலும் கிடக்க, நானும் போய் எங்கே பூப் போடுவது? ஆனால் அது யாருக்கு என்று நீங்கள் எழுதவில்லை. ஆளைத் தெரியாமல் கோடு போடுவது கால் பார்க்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி. இனி எழுதாமல் அனுப்பாதீர்கள்.

அடுத்த யூலையில் யாகப்பர் கோயில் பெருநாளுக்கு இரண்டு பேரும் வருவதாகச் சொன்னீர்களே, அத்தான் லீவு எழுதிப் போட்டுவிட்டாரா? அவரைக் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெசிதா

*

பாரிஸ்,
20.11.2024

அன்பின் ஜெசி,

உன் கடிதமும் போர்வைகளும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. நீ பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடு.

குழந்தைப் போர்வையில் நீ போட்ட சுருள் நல்ல வடிவு. அதைக் கொடுக்க மனமில்லாமல் நாலு நாள் வீட்டில் வைத்திருந்தேன். மற்றது வகுப்பில் எங்களுக்குத் தைக்கப் பழக்குகிற மனுசிக்கு.

மூன்றாவது ஒன்று அனுப்புவேன். சின்னது, மடியில் கிடக்கிற அளவு. பொத்தான்கள் இருக்கும், கழற்றாதே. பூ வேண்டாம். மூலை வேண்டாம். ஒரு கோடு மற்றக் கோட்டை வெட்டக்கூடாது. தொடங்கினால் முறியாமல் போக வேண்டும். நூல் தடிப்பாக இருக்கட்டும், கைக்குத் தெரிய வேண்டும்.

யாருக்கு என்று கேட்பாய். ஒரு ஆளுக்கு.

பெருநாளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உன் மனுசன் தேவராசாவை விசாரித்ததாகச் சொல்லு. அத்தானும் விசாரித்தார்.

அக்கா

*

குருநகர்,
05.01.2025

அன்பின் அக்காவுக்கு,

புதுவருச வாழ்த்து. சுகமெல்லாம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமையில்லை. பொதியை நேற்றுப் பிரித்தேன். உள்ளே இருக்கிறது அத்தானின் சட்டைகள்.

இல்லை என்று சொல்லாதீர்கள். நீலக் கோடு போட்டது போனதரம் அவர் வந்து நின்றபோது நான் தைத்துக் கொடுத்தது. அந்தச் சட்டைப் பையை உரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறீர்கள். கழுத்துப் பட்டிக்கு உள்ளே என் தையல் இருக்கிறது, என் கையை எனக்குத் தெரியாதா? ஏழு சட்டை எண்ணினேன். ஏன் வெட்டினீர்கள்? இருக்கிற மனுசனின் உடுப்பில் கத்தரிக்கோல் வைக்கிறதை எங்கள் பக்கம் நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? கிழிந்தால் தைப்போம், இல்லையென்றால் வள்ளம் துடைக்கக் கொடுப்போம். செத்தவரின் உடுப்பைத்தானே வெட்டிப் பங்கு வைப்பார்கள்?

சண்டை பிடித்தீர்களா? அப்படியென்றால் சொல்லுங்கள், நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். இவருக்கு மட்டும் சொல்லுவேன்.

ஐந்து கோடு கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று அலை, இரண்டு கொடி, மூன்று வலைக்கண், நாலு சுருள், ஐந்து சங்கிலி. யாருக்கு என்று தெரியாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எதை என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

ஜெசிதா

*

பாரிஸ்,
09.02.2025

அன்பின் ஜெசி,

நலம். உன் பிரஷர் எப்படி?

அலை வேண்டாம், வரிக்கு வரி ஓரத்தில் போய் முடிந்துவிடுகிறது. கொடி கிளை கிளையாகப் பிரிகிறது, எந்தப் பக்கம் போவது? வலைக்கண் வேண்டவே வேண்டாம். அதை மட்டும் எப்போதும் போடாதே. சுருள் உள்ளே போய் அடைபடுகிறது, வெளியே வர வழி இல்லை. சங்கிலி வெட்டுகிறது.

ஒரு இடத்தில் தொடங்கினால் அந்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். அப்படி ஒன்று இருக்கும், யோசி. நீ கெட்டிக்காரி.

சட்டைகளைப் பற்றிக் கேட்டாய். பழையவை. இனித் தேவைப்படாது.

அக்கா

*

குருநகர்,
02.03.2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. இனித் தேவைப்படாது என்றால் என்ன கருத்து? முழுக் கடிதத்திலும் அத்தான் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. கடைசியில் ஒரு வரி எழுதிப் பேனையால் அழித்திருக்கிறீர்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "அவர் இப்ப" என்பது மட்டும் தெரிகிறது.

பிலிப்பு அண்ணையைப் பிடித்து வைத்துக் கேட்டேன். போன கோடைக்குப் பிறகு அத்தானை அங்கே கோயிலில் கண்டதில்லையாம். நீங்கள் மட்டும் வந்து, பூசை முடிய முன்பே கடைசி வரிசை வாங்கிலிருந்து எழும்பிப் போய்விடுகிறீர்களாம். பொதி கொண்டு வீட்டுக்கு வந்தாலும் வாசலில் வைத்துத்தான் கதைக்கிறீர்களாம்.

இவர் சொல்லுகிறதையும் எழுதுகிறேன். "அக்கா உன்ரை பிரஷருக்காக மறைக்கிறா. இல்லாட்டி இருக்கிற மனுசன்ரை சட்டையை ஆரும் வெட்டுவினமே?" என்கிறார். எங்கள் சனம் வருத்தக்காரருக்கு இழவு சொல்லாமல் மறைக்கிறதில் வலு கெட்டிக்காரர் என்பது எனக்கும் தெரியும்.

வேறொன்றும் வேண்டாம். அத்தான் இருக்கிறாரா? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் எழுதுங்கள்.

ஜெசி

*

குருநகர்,
07.05.2025

அன்பின் அக்காவுக்கு,

இரண்டு மாதம் பார்த்தேன், நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் ஒரு பாதிதான் உங்களுக்குத் தெரியும். மற்றப் பாதியை நான் சொல்ல வேண்டும். சொல்லி மன்னிப்பும் கேட்க வேண்டும்.

பதில் வராதபடியால் அத்தான் போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். சட்டைப் போர்வையைச் சட்டத்தில் கட்டி, முழுக்கச் சிலுவை போட்டேன். முப்பத்தாறு சிலுவை. அழுது அழுது தைத்தேன், ஒரு கோடாவது கோணவில்லை. பிறகு அவரின் ஆன்மாவுக்கு ஒரு பூசையாவது ஒப்புக்கொடுப்போம் என்று கோயிலில் எழுதிக் கொடுத்தேன். அத்தானின் பெயரை வெறும் கிறிஸ்ரோபர் என்று எழுதியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. எங்கள் கோயில் பங்கில் செத்த கிறிஸ்ரோபர்மார் நாலைந்து பேர் இருக்கிறார்கள், பூசை ஆள் மாறிப் போய்விடும் என்ற பயத்தில் தகப்பன் பெயரையும் பிரான்சையும் சேர்த்து எழுதிவிட்டேன். பூசை வைத்த சுவாமி அதை ஒலிபெருக்கியில் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

அத்தானின் தங்கை வசந்தினி மூன்றாம் வாங்கில் இருந்தா. எழும்பினா, அப்படியே விழுந்தா. பூசை முடிய முன்பே பாதிச் சனம் என் வீட்டில். பத்து மணிக்குச் செத்த வீட்டுக்குப் போலக் கதிரை வந்தது, தேத்தண்ணிக் கேத்தில் வந்தது. வசந்தினி என் தலைமயிரைப் பிடிக்காத குறை. "என்ரை அண்ணை செத்ததை எனக்குச் சொல்லாமல் நீ பூசைக்கு எழுதுவியோ?" என்று கேட்டா. எனக்கே தெரியாது, நானாக நினைத்தது என்று எப்படிச் சொல்லுவது? சொன்னேன். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுப் போனை வாங்கி உங்கள் நம்பருக்கு அடித்தா. சனம் கேட்கட்டும் என்று சத்தமாகவும் போட்டா.

அத்தான் எடுத்தார். "ஓம், கிறிஸ்ரோபர்தான் கதைக்கிறன். நீ ஆர் பிள்ளை?" என்றார்.

அக்கா, அந்த வீட்டில் முப்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவ ஊற்றிக்கொண்டே நின்றா, நிலமெல்லாம் தேத்தண்ணி. வசந்தினி "அண்ணை, நான் வசந்தி" என்றா. அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஐயா கரைக்கு வந்திட்டாரோ?" என்றார். அவரின் ஐயா, உங்கள் மாமா, செத்து இருபத்தெட்டு வருசம். அதற்குள் நீங்கள் வந்து போனை வாங்கி வைத்துவிட்டீர்கள்.

சனம் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வசந்தினி மட்டும் போகவில்லை. "அண்ணை என்னை அறியேல்லை" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தா. செத்தார் என்று நினைத்தபோது அழத் தெரிந்தது. இப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை ஏசி எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

ஜெசி

*

பாரிஸ்,
24.05.2025

அன்பின் ஜெசி,

ஏச மாட்டேன். பிழை என்னுடையது.

உன் மார்ச் கடிதம் கிடைத்தது. ஓம் என்று எழுதினாலும் பொய், இல்லை என்று எழுதினாலும் பொய் மாதிரி இருந்தது. அதனால் எழுதவில்லை.

மூன்று வருசமாக மறதி. முதலில் கார்த் திறப்பை வைத்த இடத்தை மறந்தார், பிறகு வேலைக்குப் போகிற பாதையை. போன கோடையோடு வேலையும் நின்றது. வைத்தியர் இது திரும்பாது என்று சொல்லிவிட்டார். போன் எடுத்தால் அத்தானிடம் கொடுங்கள் என்பாய். மூளை பிசகின எல்லாருக்கும் ஊரில் விசர் என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லிவிட்டால் பிறகு ஒருவரும் வேறொன்றும் கேட்கமாட்டார்கள். அந்தச் சொல்லை அவர் மேல் போட எனக்கு விருப்பமில்லை.

அவருக்கு இப்போது பொத்தான் பூட்டத் தெரியாது, தலையால் போடுகிற பனியன்தான். ஆனால் கை பொத்தானைத் தேடுகிறது. அதனால்தான் சட்டைகளை வெட்டினேன், பொத்தானையும் விட்டேன். உன் குழந்தைப் போர்வை வந்த அன்று அதை மடியில் எடுத்து, சுட்டுவிரலை நூலில் வைத்து, சுருளுக்குள் போய்க்கொண்டே இருந்தார். முக்கால் மணித்தியாலம் ஒரு இடத்தில் இருந்தார், ஜெசி. அவர் அப்படி இருந்து நான் மாதக்கணக்கில் காணவில்லை. ஒரு சுருள் மற்றதில் முட்டுகிற இடத்தில் விரல் நின்றது. "எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டார். நான் சொல்ல முன்பே பயந்து அழுதார். வலைக்கண் கீறியதைக் காட்டினேன், வலை கிழிந்து கிடக்கிறது என்று ஊசி தேடினார்.

ஒவ்வொரு பின்னேரமும் "வீட்டை போவம்" என்று கதவைத் திறக்கிறார். கொண்டுவர எனக்கும் ஆசை. விமானத்தில் பதினொரு மணித்தியாலம் இருக்க வேண்டும். முடிவில்லாத கோடு ஒன்று கையில் இருந்தால் இருப்பார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் பெருநாளும் இல்லை, ஊரும் இல்லை. அடுத்த வருசம் கூட்டிவர அவர் இந்த அளவுக்கும் இருக்கமாட்டார்.

சிலுவையைப் பிரிக்க முடியுமா? ஒவ்வொன்றிலும் இரண்டு கோடு வெட்டுகிறது.

அக்கா

*

குருநகர்,
15.06.2025

அன்பின் அக்காவுக்கு,

இவருக்கும் எனக்கும் வசந்தினிக்கும் சுகம். அத்தானின் சுகத்தை இனி நீங்கள் உள்ளபடி எழுத வேண்டும்.

சிலுவையெல்லாம் பிரித்தாயிற்று. நானும் வசந்தினியும் எதிரெதிரே இருந்து ஒன்பது நாள் பிரித்தோம். முதல் நாள் அவ என்னோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் கதைத்தா, ஐந்தாம் நாள் பூசைக் கதையைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம், பிறகு அழுதோம். பழைய சட்டைத்துணி, ஊசித் துளை தெரிந்தது. நகத்தால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, அயன் போட்டு மூடப் பார்த்தேன். பாதிக்கு மேல் மூடிவிட்டது. மற்றதுக்கு மன்னியுங்கள்.

கோட்டுக்குப் பட்ட பாடு பெரிய பாடு. கடதாசியில் கீறினால் சரியாக இருக்கும், விரல் வைத்தால் எங்கேயோ முட்டும். நிலத்தில் சோக்கால் கீறி, இவரின் கண்ணைக் கட்டி முழங்காலில் விட்டுத் தடவச் சொன்னேன். மீன்பிடிக்கிற மனுசனை வைத்து நான் வித்தை காட்டுகிறேனாம். ஏழு கீறினேன், ஏழும் பிழை. வசந்தினிதான் சொன்னா. "அண்ணை வள்ளத்திலை கயித்தை ரெண்டாய் மடிச்செல்லே சுத்திறவர்." அதுதான் அக்கா வழி. மடித்த கயிற்றைச் சுற்றினால் ஒரு கோடு உள்ளே போகும், நடுவில் திரும்பும், தன் பக்கத்தாலேயே வெளியே வரும். எங்கேயும் வெட்டாது, எங்கேயும் அடைபடாது. நீலச் சட்டைப் பையில் தொடங்கி நீலச் சட்டைப் பையிலேயே வந்து சேருகிறது. கோட்டுக்குக் கோடு ஒரு விரல் இடைவெளி. பொத்தான்களைச் சுற்றி வளைத்தேன், அதில் இரண்டு ஊசி முறிந்தது. இவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று சுற்று வந்தார், ஒருதரமும் நிற்கவில்லை. நாலாம் சுற்றில் நித்திரையாகிவிட்டார்.

பிலிப்பு அண்ணை புதன்கிழமை கொண்டுவருவார். இந்தமுறை அவரை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுங்கள்.

ஜெசி

*

பாரிஸ்,
04.07.2025

அன்பின் ஜெசி,

பிலிப்பு உள்ளே வந்து கோப்பி குடித்தார். அத்தான் அவரைச் சுவாமி என்று நினைத்து ஆசீர்வாதம் கேட்டார். பாவம், அவரும் கொடுத்துவிட்டுப் போனார்.

போர்வையை மடியில் வைத்ததும் விரல் தானாகப் பையில் போய் நின்றது. பிறகு நடந்தது. ஒருதரமும் என்னை எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. மூடாத துளைகளில் நகம் பட்டால் கொஞ்சம் நிற்கிறார், பிறகு போகிறார். ரயிலில் ஏற்றி இரண்டரை மணித்தியாலம் போய் வந்து பார்த்தேன், எழும்பவில்லை. வழியில் ஒருதரம் துணியை உற்றுப் பார்த்து, "இது என்ரை சட்டையெல்லே. வெட்டியிருக்கு. அப்ப நான் செத்திட்டனோ?" என்றார். அவரும் உன்னை மாதிரியே நினைக்கிறார், உன் சொந்தக்காரர்தான். இல்லை, இருக்கிறியள் என்று சொன்னேன். நல்லது என்று திரும்ப விரலை வைத்தார்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். பதினேழாம் திகதி வெளிக்கிட்டுப் பதினெட்டு காலை கட்டுநாயக்காவில் இறங்குகிறோம்.

இனி எழுதுகிறதை நான் வைத்தியருக்கும் சொல்லவில்லை. சித்திரையிலிருந்து அவருக்கு என்னைத் தெரியாது. யாரோ பார்க்க வருகிற மனுசி என்று நினைக்கிறார். வலு மரியாதை. சாப்பாடு கொடுத்தால் நன்றி சொல்லுகிறார். போன கிழமை என்னை இருத்தி வைத்துச் சொன்னார்: "நீங்கள் நல்ல மனுசி. ஆனால் என்ரை லூர்து குருநகரிலை தனிய இருக்கிறா. என்னை அவவிட்டைக் கொண்டுபோய் விடுவியளோ?" ஓம், கொண்டுபோய் விடுறன் என்றேன். முப்பத்தைந்து வருசம் கட்டியிருந்த மனுசனுக்கு அதைவிட என்ன சொல்ல?

அதுதான் வருகிறேன், ஜெசி. பெருநாளுக்கு இல்லை. அங்கே வந்து எங்கள் வீட்டு ஒழுங்கையில் நின்றால் நான் யார் என்று அவருக்கு ஒருவேளை தெரியும். தெரியாமலும் போகலாம். நீ ஒரு உதவி செய். வாசலில் என்னைக் கண்டதும் அக்கா என்று கூப்பிடாதே. லூர்து என்று கூப்பிடு. அவருக்குக் கேட்கக் கூடியதாய்க் கூப்பிடு.

அக்கா

*

குருநகர்,
14.07.2025

அன்பின் லூர்து,

எழுதிவிட்டேன். எழுதினதும் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நாங்கள் சுகம். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது, அதற்கு முன் நீங்கள் வெளிக்கிட்டுவிடுவீர்கள். பழகுவதற்குத்தான் எழுதுகிறேன். நாற்பத்தாறு வயதுக்கு உங்கள் பெயரை நான் ஒருதரமும் வாயால் சொன்னதில்லை. காலையில் குசினிக்குள் நின்று சொல்லிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது. இவர் வீட்டு முன்னுக்கிருந்து, "ஆரைக் கூப்பிடுறாய்?" என்றார். அக்காவை என்றேன். "அப்ப இன்னும் பலத்துக் கூப்பிடு" என்றார்.

ஒழுங்கையில் எல்லாருக்கும் வசந்தினி சொல்லி வைத்திருக்கிறா. ஒருவரும் அழக்கூடாது, ஒருவரும் அவரைச் சோதித்து என்னைத் தெரியுமா என்று கேட்கக்கூடாது, அவரவர் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டு கிட்ட வர வேண்டும். உங்களை ஒருவரும் மச்சாள், மாமி, அக்கா என்று கூப்பிடக்கூடாது. முறை கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டா.

பெயர் பழகிவிட்டது. நீ என்பதுதான் வருகுதில்லை, அதை விடுங்கள். வெள்ளிக்கிழமை நான் வாசலில் நிற்பேன். லூர்து, லூர்து என்று அவர் திரும்பி உங்களைப் பார்க்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே நிற்பேன்.

ஜெசி